மீன் போனது, பாலம் நிற்கிறது: அயர்லாந்தின் காஸ்வே கரை

கேரிக்-எ-ரீட், வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையை ஒட்டிய ஒரு பாறைத்தீவு. கரைக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 20 மீட்டர். கீழே, 30 மீட்டர் பள்ளத்தில், கடல் சுழித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியின்மேல் தொங்கும் கயிற்றுப் பாலத்தைக் கடந்து, நாலு படம் எடுத்து, வந்த வழியே திரும்புவதற்காக எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் நேரம் குறித்த சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார்கள். தீவின்மேல் புல்லும் கடற்பறவைகளும் ஒரு பழைய மீனவர் குடிலும் உண்டு. அவற்றுக்காக வருகிறவர் குறைவு.

1755இல் முதன்முதலாக இங்கே கயிறு கட்டியவர்கள் சால்மன் பிடிப்பவர்கள். வட அட்லாண்டிக்கில் தின்று கொழுத்த சால்மன், கோடையில் தான் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பும். பான், புஷ் ஆறுகளுக்குப் போகிற கூட்டம் இந்தக் கரையை ஒட்டியே மேற்கே நீந்திப் போகும்; வழியில் குறுக்கே நிற்கும் தீவைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அங்கே வலை கட்டினால் மீன் தேடிப் போக வேண்டியதில்லை, தானாக வந்து மாட்டும். சிக்கல், தீவுக்குப் போய்வருவதில் இருந்தது. அந்தக் கடலில் படகை அணைக்க முடியாத நாட்கள் நிறைய. அதனால் வசந்தத்தில் பாலம் கட்டினார்கள்; மீன்பருவம் முடிந்ததும் அவிழ்த்து வைத்தார்கள். 1970கள் வரைகூடப் பிடித்துக்கொள்ள ஒரு பக்கக் கயிறுதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே காலுக்குக் கீழே கடல் தெரியும். அதன்மேல்தான் அவர்கள் அன்றாடம் வேலைக்குப் போய்வந்தார்கள்.

1960கள் வரை நாளுக்கு ஏறத்தாழ 300 மீன் கிடைத்த இடம் அது. 2002இல் பருவம் முழுவதையும் கூட்டினாலே 300தான் தேறியது. அத்தோடு வலையைச் சுருட்டிவிட்டார்கள். இப்போது இருக்கும் பாலம் 2008இல் போட்டது: எஃகு வடம், டக்ளஸ் ஃபிர் மரப்பலகை, இருபுறமும் தடுப்பு வலை. மீன் போய்விட்டது. மீனுக்காகப் பிறந்த பாலம் தனியாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது.

மேற்கே மகிலிகன் முனையிலிருந்து கிழக்கே பாலிகாசில் வரை நீளும் இந்தக் கரையைச் சுற்றுலாக் கையேடுகள் இயற்கையின் காட்சிச்சாலையாக விற்கின்றன. என் வாசிப்பில் இது முதலில் ஒரு வேலைத்தளம். நாம் நின்று பார்க்கிற பலவும் யாரோ பிழைப்புக்காக வெட்டி, கட்டி, எரித்து, அளந்து விட்டுப்போன மிச்சம். மற்றவை, யாரோ படமாகவும் ரயிலாகவும் வேலியாகவும் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தவை. மனிதக் கை படாதது என்று தோன்றும் பாறைகளுக்கும் இந்த வரலாறு உண்டு.

இங்கே பாறை இரண்டு நிறம். அடியில் வெள்ளை, மேலே கருப்பு. போர்ட்ரஷ் ஊருக்குக் கிழக்கே ஒயிட்ராக்ஸ் என்ற கடற்கரையில் வெள்ளை நன்றாகத் தெரியும்; கடல் அதைக் குடைந்து வளைவுகளும் குகைகளுமாக ஆக்கிவைத்திருக்கிறது. டைனோசர்கள் உலவிய காலத்தில் இங்கிருந்த கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை அது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் விலகி வட அட்லாண்டிக் திறந்துகொண்ட நாட்களில், நிலப்பிளவுகள் வழியே எரிமலைக் குழம்பு பொங்கி அதன்மேல் அடுக்கடுக்காகப் பரவிப் பசால்ட் ஆனது. ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவேளை விழுந்ததுண்டு. அப்போது இங்கே நிலவிய வெயிலிலும் மழையிலும் பசால்ட் இற்றுச் செம்மண்ணாகி, பிறகு வந்த குழம்பின் அடியில் புதைந்தது. ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற தூண்பாறைகளைத் தாண்டி நடந்தால் செங்குத்துப் பாறைச் சுவரின் குறுக்கே அது சிவப்புப் பட்டையாக ஓடுவதைப் பார்க்கலாம். கேரளத்தில் வீடு கட்ட வெட்டியெடுக்கும் செம்பாறையும் இதே வழியில் பிறந்ததுதான், இரண்டுமே லேட்டரைட். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சிவப்புப் படுகையில் இரும்புத்தாதுவுக்காகவும் பாக்சைட்டுக்காகவும் ஆன்ட்ரிம் குன்றுகளில் சுரங்கம் வெட்டினார்கள். கிளெனாரிஃப் பள்ளத்தாக்கில் தாதை மலையிலிருந்து கப்பலுக்கு இறக்கவே ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. இன்று அங்கே அருவி பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது சந்தேகம்தான்.

சிவப்புப் படுகையின் மேல் அடுத்து வந்த குழம்பு ஒரு பள்ளத்தாக்கில் தேங்கிவிட்டது. தேங்கியதால் மெதுவாக ஆறியது, ஆறும்போது சுருங்கி வெடித்தது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் பாளம்பாளமாக வெடிக்குமே, அந்தக் கணக்குத்தான். இங்கே வெடிப்பு பாறையின் உள்ளே இறங்கிக்கொண்டே போய்த் தூண்களாகப் பிரித்தது. ஏறத்தாழ 40,000 தூண்கள். பெரும்பாலும் அறுகோணம், ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் கலந்திருக்கும். கடலுக்குள் படிக்கட்டுப்போல் இறங்கும் இந்தத் தூண்கூட்டம்தான் ஜயன்ட்ஸ் காஸ்வே. ஃபின் மக்கூல் என்ற ராட்சதன் ஸ்காட்லாந்துக்குப் போகப் போட்ட பாதை என்பது ஊர்க்கதை. கதையில் ஒரு நியாயம் இருக்கிறது: கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே மாதிரித் தூண்கள் நிற்கின்றன.

படித்தவர் உலகுக்கு இது எட்டியது 1693இல். டப்ளின் டிரினிட்டி கல்லூரியோடு தொடர்புடைய ரிச்சர்ட் பல்க்லி லண்டன் ராயல் சொசைட்டிக்குச் செய்தி அனுப்பினார். மனிதர் உளியால் செதுக்கியதா, இயற்கையின் வேலையா என்று வாதம் நடந்தது. ஆனால் காஸ்வேயை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றது எந்தக் கட்டுரையும் அல்ல, சூசன்னா ட்ரூரி என்ற டப்ளின் ஓவியரின் படங்கள். கன்றுத்தோலில் அவர் தீட்டிய காஸ்வே காட்சிகளுக்கு 1740இல் டப்ளின் சொசைட்டி 25 பவுண்டு பரிசு கொடுத்தது. சில ஆண்டுகளில் ஃபிரான்சுவா விவாரே அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ட்ரூரியின் வாழ்க்கையைப் பற்றிப் பதிவுகளில் அகப்படுவது மிகச் சொற்பம். படங்களோ அசாத்தியத் துல்லியம்: தூண்களின் பக்கங்கள், அவை குறுக்கே துண்டுதுண்டாகப் பிரியும் இடங்கள், மூட்டுகளின் குழிவு, அவற்றின்மேல் உலவும் நாகரிக உடைக்காரர்கள்.

அந்த அச்சுப்படம் பிரான்சுக்குப் போனது. நிக்கோலா தெமாரே என்ற அறிஞர் மத்திய பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் இதே போன்ற தூண்பாறைகளைக் கண்டு, அவை பழைய எரிமலைக் குழம்பின் தொடர்ச்சி என்று புரிந்துகொண்டிருந்தார். ட்ரூரியின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அயர்லாந்துத் தூண்களும் நெருப்பிலிருந்து வந்தவையே என்று முடிவுகட்டினார். அயர்லாந்து போய்ப் பார்த்துச் சொன்ன முடிவல்ல அது. ஓர் ஓவியர் கண்ணால் கண்டதை ஒழுங்காக வரைந்ததால், கடல் தாண்டி இருந்த ஒருவரால் பாறையின் பிறப்பைச் சொல்ல முடிந்தது. காஸ்வே பற்றிய நூல்களில் ராட்சதனுக்கு அத்தியாயமும் ட்ரூரிக்கு அடிக்குறிப்பும் கிடைப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

தெமாரே சொன்னதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. எல்லாப் பாறையும் ஆதிக் கடலில் படிந்ததே என்று ஒரு பெரிய அணி சாதித்தது. அவர்களுடைய துருப்புச்சீட்டு, காஸ்வேக்கு மேற்கே சில மைல் தள்ளியிருக்கும் போர்ட்ரஷில் கிடைத்தது. அங்கே கடலோரப் பாறை பார்ப்பதற்குப் பசால்ட் மாதிரியே கருமையாக, இறுகி இருக்கும். அதற்குள் சுருள்சுருளாக அம்மோனைட் புதைபடிவங்கள்! கடல் உயிரியின் ஓடு நெருப்புக் குழம்புக்குள் எப்படி இருக்க முடியும் என்று வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற பாதிரியாரும் அவர் பக்கத்தவர்களும் கேட்டார்கள். கேள்வியில் பிழையில்லை, பாறையை அடையாளம் கண்டதில்தான் பிழை. அது பசால்ட் அல்ல. பழைய கடற்சேற்றுப் பாறை. அதனூடே புகுந்த எரிமலைக் குழம்பின் சூட்டில் வெந்து, செங்கல்லைப்போல் இறுகி, நிறமும் மாறிப்போயிருந்தது. இந்த உண்மை தெளிந்ததும் எதிரணியின் துருப்புச்சீட்டே அவர்களுக்கு எதிரான சான்றாகிவிட்டது. கோல்ஃப் ரசிகர்களுக்கு போர்ட்ரஷ் என்றால் ஓப்பன் போட்டி நடந்த ஊர் (1951, 2019, 2025). நிலவியல் மாணவர்களுக்கு அது ஒரு பெரிய வழக்கின் சாட்சிக்கூண்டு.

அறிஞர்களுக்குப் பின்னால் பார்வையாளர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வழிகாட்டிகளும் படகுக்காரர்களும் கல் விற்பவர்களும். 1842இல் வந்த நாவலாசிரியர் தாக்கரே இவர்களிடம் மாட்டிக்கொண்டு விழித்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். எனக்கென்னவோ அந்தப் பக்கங்களில் வழிகாட்டிகள் மீதே அனுதாபம் வருகிறது. உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்த ஒரு நாட்டில், பெரும்பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, பட்டணத்துக் கனவான் ஒருவர் வண்டியில் வந்து இறங்கினால் வேறென்ன செய்வார்கள்?

1883இல் போர்ட்ரஷிலிருந்து புஷ்மில்ஸுக்கு டிராம் வந்தது. 1887இல் காஸ்வே வரை நீண்டது. புஷ் ஆற்றின் ஓட்டத்தில் சுழலியை ஓட்டி எடுத்த மின்சாரம் அதை இயக்கியது. நீர்மின்சாரத்தில் ஓடிய டிராம்களில் உலகிலேயே முன்னோடி. 1949இல் மூடும்வரை கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியது. கூட்டம் வந்தால் காசு வரும். காசு வந்தால் வேலியும் வரும். 1890களின் பிற்பாதியில் ஒரு வணிகக் குழு காஸ்வே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கம்பிவேலி போட்டு, கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த பொதுவழி இது என்று ஊரார் தரப்பு நீதிமன்றம் போய்த் தோற்றது. 1960களின் தொடக்கத்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை இடத்தை எடுத்துக்கொண்ட பிறகே அந்த வாயிற்கட்டணம் ஒழிந்தது. யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் 1986இல் சேர்ந்தது.

காஸ்வேயிலிருந்து கிழக்கே பாறை விளிம்பில் சற்றுத் தூரம் நடந்தால் லக்காடா முனை. 1588 அக்டோபர் 26 இரவு ஜிரோனா என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் இங்கே மோதி உடைந்தது. இங்கிலாந்தைப் பிடிக்கப் புறப்பட்டுச் சிதறிய ஆர்மடா கப்பற்படையில் ஒன்று அது. ஏற்கெனவே உடைந்த வேறு கப்பல்களின் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அளவுக்கு மீறிய பாரத்தோடு ஸ்காட்லாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1,300 பேரில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்து டன்லூஸ் கோட்டையை ஆண்ட சோர்லி பாய் மெக்டானல் கரையொதுங்கியதில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். கப்பலின் பீரங்கிகள் கோட்டை வாசலுக்குப் போயின. டன்லூஸைப் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள்: 1639இல் ஒரு புயல்நாளில் சமையற்கட்டு அப்படியே கடலில் விழுந்ததாம், சமையற்காரப் பையன் மட்டும் மூலையில் தப்பினானாம். அந்தப் பக்கச் சுவர் அதற்கு நூறாண்டுக்குப் பிறகும் நின்றதைப் பழைய ஓவியங்கள் காட்டுகின்றன. ஆனாலும் கதையை யாரும் கைவிடுவதாக இல்லை.

ஜிரோனா கிடந்த இடம் நெடுங்காலம் தெரியவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெனுயி ஆவணக் காப்பகங்களில் ஊறியவர், முக்குளிப்பாளரும்கூட. லக்காடாவை ஒட்டிய சிறு விரிகுடாவின் பெயரே ஸ்பானியர் துறை என்று வரைபடத்தில் இருப்பதை அவர் பொருட்படுத்தினார். உள்ளூர் மக்கள் சும்மா பெயர் வைக்க மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. 1967இல் அங்கேயே இறங்கினார், கண்டெடுத்தார். நாணயங்கள், தங்கச் சங்கிலிகள், மாணிக்கம் பதித்த இறக்கை முளைத்த பல்லி உருவம், இதயத்தைப் பிடித்திருக்கும் ஒரு கையைச் செதுக்கிய மெல்லிய மோதிரம். உனக்குத் தர இதற்குமேல் என்னிடம் ஏதுமில்லை என்ற பொருளில் அதில் ஸ்பானிய எழுத்து. எல்லாம் இப்போது பெல்ஃபாஸ்ட் நகரின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில்.

மேற்குக் கோடிக்குப் போனால் கரையின் முகமே மாறிவிடும். பாறை பின்வாங்கி மணல் விரியும்; டவுன்ஹில், பெனோன், மகிலிகன் என்று பல கிலோமீட்டர் ஒரே தட்டை. டவுன்ஹில் குன்றின் விளிம்பில் டெரி ஆயர் ஃபிரெடெரிக் ஹெர்வி 1785இல் கட்டிய வட்டவடிவ நூலகம், மசென்டன் டெம்பிள், நிற்கிறது. கடல் குன்றை அரித்து அதைத் தொட்டுவிடும்போல் வந்ததால் 1990களில் பாறையைக் கட்டி நிறுத்தினார்கள். எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் பொருட்படுத்துவது, மணலுக்குப் பின்னால் கிடக்கும் வெறுமையான சமவெளியை.

அயர்லாந்து முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் வேலைக்கு, துளியும் பிசகாத ஓர் ஆதாரக்கோடு தேவைப்பட்டது. தாமஸ் கோல்பி தலைமையிலான நில அளவைப் படை 1827–28இல் இந்தச் சமவெளியைத் தேர்ந்தெடுத்து ஏறத்தாழ 8 மைல் கோட்டை அளந்தது. உலோக அளவுகோல் வெயிலில் நீளும், குளிரில் குறுகும். அதுதான் அந்நாளைய அளவைக்காரர்களின் தீராத தலைவலி. கோல்பியின் அளவுகோலில் பித்தளைக் கம்பியும் இரும்புக் கம்பியும் அருகருகே இருந்தன. இரண்டும் வெவ்வேறு அளவில் நீளும். முனைகளில் இரண்டையும் கோத்த சிறு நாக்குகளில் ஒரு புள்ளி. கம்பிகள் எப்படி நீண்டாலும் புள்ளிகளுக்கு இடையிலான 10 அடி மாறாது. கூடாரத்தின் நிழலில், நுண்ணோக்கி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார்கள். 1960இல் நவீன மின்னணுக் கருவியால் திரும்ப அளந்தபோது வேறுபாடு ஓர் அங்குலம் அளவுக்கே இருந்தது.

இந்த வகைக் கம்பிகள் இந்தியாவுக்கும் வந்தன. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையை நடத்திவந்த ஜார்ஜ் எவரெஸ்ட், விடுப்பில் இருந்தபோது 1829இல் அயர்லாந்து சென்று கோல்பியின் முறையைப் பார்த்துவிட்டு, அதே வகைக் கம்பிகளோடு 1830இல் கல்கத்தா திரும்பினார். அந்த அளவையின் கல்கத்தா ஆதாரக்கோடு தொடங்கி 1869இல் முடிந்த குமரி ஆதாரக்கோடு வரை கோல்பி கருவியால் அளந்தவை. மகிலிகனில் நீச்சலுடையோடு திரியும் கூட்டத்துக்கு இதைச் சொல்லும் பெரிய பலகை ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும்.

கிழக்குக் கோடியில், பாலிகாசிலுக்கு எதிரே ராத்லின் தீவு. கடற்பாசியைக் காயவைத்து, கல்குழியில் போட்டு எரித்து, சாம்பலைச் சோப்புக்கும் கண்ணாடிக்கும் பிறகு அயோடினுக்கும் விற்பது அங்கும் எதிர்க்கரையிலும் பல குடும்பங்களின் பிழைப்பாக இருந்தது. தீவைக் கடந்துபோகும் கப்பல்களின் செய்தியை லாய்ட்ஸ் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனுக்குடன் சொல்ல 1898இல் மார்க்கோனியின் ஆட்கள் ராத்லின் கலங்கரை விளக்கத்துக்கும் பாலிகாசிலுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அமைத்தார்கள். மூடுபனியில் கொடிச் சைகை தெரியாது. கம்பியில்லாத் தந்திக்கு மூடுபனி ஒரு பொருட்டில்லை. அந்தப் பணியில் இருந்த எட்வர்ட் கிளான்வில் என்ற இளைஞர் தீவின் பாறை விளிம்பிலிருந்து தவறி விழுந்து இறந்தார். இன்று ராத்லினுக்குப் படகேறுகிறவர்கள் பஃபின் பறவை பார்க்கப் போகிறார்கள்.

பாலின்டாய் துறைமுகத்தில் சுண்ணாம்புக் காளவாய் இன்னும் நிற்கிறது. வெந்த சுண்ணாம்பும் கல்லும் ஏற்றுமதியான துறை அது. ஆனால் பேருந்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு அது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரும்புத் தீவு. சினிமாவும் ஒரு தொழில்தானே என்று சமாதானம் சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் காளவாயில் வெந்தவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதி மாட்டிவைப்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

இன்றைய பெரிய தொழில் பார்வையாளர்களே. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் காஸ்வேக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பலர் தூண்களின் வெடிப்பில் ஒரு நாணயத்தைச் செருகிவிட்டுப் போவதை வழக்கமாக்கிவிட்டார்கள். உப்புக்காற்றில் நாணயம் துருப்பிடித்துப் பல மடங்கு ஊதும். ஊதி, 6 கோடி ஆண்டு தாங்கிய கல்லின் விளிம்பைப் பெயர்க்கும். செம்பும் நிக்கலும் இரும்பும் வழிந்து கல்லைக் கறையாக்கும். 2025இல் நேஷனல் டிரஸ்ட் கல்வினைஞர்களை வைத்து நாணயங்களைத் தோண்டி எடுக்க ஆரம்பித்து, இனிமேல் செருகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒயிட்பார்க் விரிகுடா இந்தக் கரையிலேயே அழகான மணல், மாடுகள்கூட வந்து படுத்திருக்கும். ஆனால் அடிநீரோட்டம் இழுத்துவிடும், அங்கே குளிக்க இறங்க வேண்டாம். குளிக்க, கோடையில் உயிர்காப்பாளர்கள் இருக்கும் போர்ட்ரஷ் மேற்குக் கரை போதும். கேரிக்-எ-ரீட் பாலம் பலத்த காற்றில் மூடிவிடும், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காஸ்வேயில் 2012இல் திறந்த பார்வையாளர் மையத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் கட்டணம் உண்டு. தூண்களுக்கு இறங்கும் பாதை பொதுவழி. நடந்து போய்ப் பார்க்கக் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.